உஷார்! இரண்டு கோடு தெரியும்வரை காத்திருந்தால் தாமதம்

“முதலில் நாள் தள்ளட்டும். கிட் வாங்கிப் பார்ப்போம். இரண்டு கோடு வந்தால் டாக்டரிடம் போவோம். அவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையை அன்றிலிருந்து சாப்பிடலாம்.” குழந்தைக்குக் காத்திருக்கும் பெரும்பாலான வீடுகளில் இதுதான் திட்டம். புதுமணத் தம்பதிகளே, இரண்டாவது குழந்தைக்கு யோசிப்பவர்களே, உஷார்! கர்ப்ப காலச் சத்து மாத்திரைகளிலேயே முதலாவதாகத் தேவைப்படும் ஒன்று, இந்தத் திட்டப்படி போனால் அநேகமாகக் கெடு முடிந்த பிறகுதான் வாய்க்குள் போகும்.

அந்த மாத்திரை ஃபோலிக் ஆசிட். விலை மிகக் குறைவு. அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆனாலும் உரிய நேரத்தில் பலருக்கு அது போய்ச் சேருவதில்லை.

28 நாள் கெடு

கருவில் மூளையும் தண்டுவடமும் ஒரு சிறு குழாயிலிருந்து உருவாகின்றன. நரம்புக் குழாய் என்று அதைச் சொல்வார்கள். கரு தரித்த 28 நாட்களுக்குள் அந்தக் குழாய் முழுவதுமாக மூடிவிட வேண்டும். நாட்காட்டியில் எண்ணிப் பாருங்கள். மாதவிலக்கு ஒழுங்காக வரும் பெண்ணுக்கு, நாள் தள்ளி இரண்டு வாரம் ஆகும்போதே இந்தக் கெடு முடிந்துவிடுகிறது. “போன மாதமும் தள்ளித்தானே வந்தது” என்று ஒரு வாரம் பொறுத்து, கிட் பார்த்து, மாமியாரிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து டாக்டரிடம் போவதற்குள் குழாய் மூடியிருக்கும், அல்லது மூடாமலே நின்றிருக்கும்.

மூடாமல் நின்றால்? முதுகுப் பக்கம் திறந்திருந்தால் ஸ்பைனா பைஃபிடா. பிறந்ததும் அறுவை சிகிச்சை தேவைப்படும்; அதன் பிறகும் கால்கள் செயலிழப்பது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது என்று வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். தலைப் பக்கம் திறந்திருந்தால் அனென்செஃபலி. அந்தக் குழந்தை பிழைக்காது.

இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்க முடியும் என்பது 1991-லேயே நிரூபணமான உண்மை. ஏற்கெனவே இத்தகைய குறையுள்ள கருவைச் சுமந்த பெண்களுக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் ஆசிட் கொடுத்துப் பார்த்தது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில். குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. இந்தச் சத்துக்கு முதல் தடயம் கிடைத்ததே நம் நாட்டில்தான். 1928-ல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பஞ்சாலைகளில் வேலை பார்த்த ஏழைக் கர்ப்பிணிகளின் கடுமையான ரத்தசோகையை ஆராய்ந்தபோது, ஈஸ்ட் சாற்றில் இருக்கும் ஏதோ ஒரு பொருள் அதைக் குணமாக்குவதைக் கண்டார். அந்தப் பொருள்தான் ஃபோலேட் என்று பின்னாளில் தெரியவந்தது.

எனவே, கருத்தடையை நிறுத்துவதற்கு ஒரு மாதம் முன்பாவது, முடிந்தால் மூன்று மாதம் முன்பு, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் ஆரம்பியுங்கள். கர்ப்பத்தின் 12 வாரம் முடியும்வரை தொடருங்கள். கர்ப்பத்தை 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிறார்களே, அது அவசியம், செய்யுங்கள். ஆனால் பதிவு செய்யும் அன்றுதான் மாத்திரை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணும் அந்தக் கணக்கில், நரம்புக் குழாயின் வேலை ஆறாவது வாரத்திலேயே முடிந்துவிடும்.

“தினம் கீரை சாப்பிடுகிறேனே, போதாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. கீரை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, வெண்டைக்காய் எல்லாவற்றிலும் ஃபோலேட் இருக்கிறது. ஆனால் நெடுநேரம் வேகவைத்தால் அழியும். வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் அதோடு போகும். கீரையும் வேண்டும், மாத்திரையும் வேண்டும். இன்னொன்று: ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறியிருக்கின்றன, தண்ணீரில் மிதக்கின்றன, அது பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிப் பொறுக்கி எறிகிறவர்கள் கவனிக்க! அது இரும்பு, ஃபோலிக் ஆசிட், பி12 சேர்த்துத் தயாரித்த செறிவூட்டப்பட்ட அரிசி. நூறுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்படுவது. அதிலுள்ள அளவு மாத்திரைக்கு ஈடாகாது. ஆனாலும் வீசி எறிய வேண்டிய பொருளில்லை.

அளவு மாறினால் ஆபத்து

“சத்து மாத்திரைதானே, ஒன்று கூடினால் என்ன?” என்ற நினைப்புதான் அடுத்த அபாயம்.

ஃபோலிக் ஆசிட்டையே எடுத்துக்கொள்வோம். பொதுவான அளவு 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். மெடிக்கல் ஷாப்பில் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 5 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்குக்கும் மேல்! முந்தைய குழந்தைக்கு நரம்புக் குழாய்க் குறை இருந்தவர்கள், வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் போன்றோருக்கு டாக்டர்கள் யோசித்தே அந்தப் பெரிய அளவை எழுதுகிறார்கள். மற்றவர்கள் தாங்களாக வாங்கி விழுங்கக் கூடாது. காரணம், அதிக அளவு ஃபோலிக் ஆசிட் பி12 குறைபாட்டின் ரத்தசோகையை மறைத்துவிடும். நரம்புப் பாதிப்போ உள்ளே தொடரும். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சியில் மட்டுமே நம்பிக்கையான அளவில் கிடைக்கும். சைவ உணவுக்காரர்கள், அதிலும் பால் அதிகம் சேர்க்காதவர்கள், கர்ப்பத்துக்கு முன்பே பி12 பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

வைட்டமின் டி விஷயத்தில் இன்னும் உஷார். 60,000 யூனிட் பாக்கெட்டும் கேப்சூலும் பொதுவாக வாரத்துக்கு ஒன்று. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினம் ஒன்று சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் எகிறும், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

எல்லாவற்றையும்விடப் பயங்கரமானது வைட்டமின் ஏ. ரெட்டினால் வடிவில் இது ஒரு நாளைக்கு 10,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. 22,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை ஆராய்ந்து 1995-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, அதற்கு மேல் மாத்திரையாக எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக் குறைகள் கூடியதைக் காட்டியது. “ரத்தம் ஊறும்” என்று அன்போடு ஊட்டப்படும் ஆட்டு ஈரலில் 100 கிராமே இந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை, ஈரலையும் மீன் ஈரல் எண்ணெயையும் கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம் என்கிறது. காரட், கீரை, மாம்பழத்தில் இருப்பது பீட்டா கரோட்டின். அதற்கு இந்தப் பயம் தேவையில்லை.

முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் பெண்களே, அதுவும் வைட்டமின் ஏ குடும்பம்தான். கருவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து அது. நிறுத்தி ஒரு மாதமாவது ஆகாமல் கருத்தரிக்கக் கூடாது. வலிப்புக்கு வால்புரோயேட் சாப்பிடுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. திட்டமிடும்போதே டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றுவது பற்றி முடிவெடுப்பார்.

நாளுக்கு ஒரு மல்டிவைட்டமின், அதோடு டப்பாவில் வரும் ஊட்டச்சத்துப் பவுடர், தோழி சொன்ன டானிக், வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பிய கேப்சூல் என்று சேர்ந்தால் ஒரே சத்து நான்கு வழியில் உள்ளே போகிறது. எல்லா அட்டையையும் டப்பாவையும் ஒரு பையில் போட்டு டாக்டர் முன்னால் கொட்டுங்கள். எது வேண்டும், எது வேண்டாம் என்று அவர் பிரித்துத் தரட்டும்.

இரும்பு மாத்திரை கட்டிலுக்கு அடியிலா?

2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு. பிரசவத்தின்போது ரத்தப்போக்கு ஏற்பட்டால் தாங்கும் தெம்பு இருக்காது. நான்காவது மாதத்திலிருந்து தினம் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட்டும் சேர்ந்த மாத்திரையை 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் என்று அரசு தருகிறது. வாங்கிவந்து சாப்பிடாமல் வைத்துவிடுவதுதான் பிரச்சினை.

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது கட்டுக்கதை. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. வயிற்றைப் புரட்டினாலோ மலச்சிக்கல் வந்தாலோ மருந்தை மாற்றித்தரச் சொல்லுங்கள், ரகசியமாக நிறுத்தாதீர்கள். இரும்பையும் கால்சியத்தையும் சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடலில் சேராது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

உப்பிலும் ஓர் எச்சரிக்கை. இந்துப்புதான் இயற்கை என்று மாறிய வீடுகள் இப்போது அதிகம். அதில் போதிய அயோடின் கிடையாது. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் தேவை. குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். குழந்தைக்குத் திட்டமிடும் வீட்டில் அயோடின் கலந்த உப்பே இருக்கட்டும்.

“இரண்டு பேருக்குச் சாப்பிடு” என்று தட்டை நிரப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐசிஎம்ஆர் பரிந்துரைப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 350 கலோரிதான். அதைச் சோற்றிலும் இனிப்பிலும் நிரப்பாமல் பருப்பு, முட்டை, பால், மீன், சுண்டலில் கொடுங்கள்.

ஆண் குழந்தைக்கு மருந்தா? ஓடிவிடுங்கள்!

கரு தங்க லேகியம், ஆண் வாரிசுக்குப் பொடி, இன்ஸ்டாகிராமில் விற்கும் கர்ப்பப்பை சுத்தி சூரணம்... பெயர் தெரியாதவர் பொட்டலம் கட்டித் தருவதைத் தொடாதீர்கள். 2011–12-ல் நியூயார்க் நகரில் ஆறு கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயம் அபாய அளவில் இருந்தது. காரணம், அவர்கள் சாப்பிட்ட இந்திய ஆயுர்வேத மருந்துகள். ஈயம் தொப்புள்கொடி வழியே குழந்தையின் மூளைக்குப் போகும். ஆண் குழந்தைக்காகக் கொடுக்கப்பட்ட நாட்டு மருந்துகளுக்கும் பிறவிக் குறைகளுக்கும் தொடர்பு இருப்பதை ஹரியானாவில் நடந்த ஆய்வு காட்டியது. குழந்தை ஆணா பெண்ணா என்பது கரு உருவாகும் கணத்திலேயே முடிவாகிவிடுகிறது. எந்த லேகியமும் அதை மாற்றாது.

அப்பாக்களே, உங்களுக்கும்தான்

விந்தணு உருவாகி வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். இன்று நீங்கள் குடிப்பதும் புகைப்பதும் மெல்லுவதும் மூன்று மாதம் கழித்து உருவாகப்போகும் கருவின் பாதிப் பங்கைப் பாதிக்கும். ஜிம்மில் தசைக்காகப் போடும் டெஸ்டோஸ்டிரோன் ஊசி விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடியது.

ஆண்மைச் சத்து மாத்திரை விளம்பரங்களை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2020-ல் வெளியானது. ஆண்களுக்கு ஃபோலிக் ஆசிட்டும் துத்தநாகமும் கொடுத்தும் குழந்தைப் பேறு கூடவில்லை; வயிற்றுத் தொந்தரவுதான் கூடியது. சிகரெட்டையும் மதுவையும் விடுவது, எடையைக் குறைப்பது, பழமும் காய்கறியும் பயறும் சாப்பிடுவது, இவற்றுக்குப் பெரிய செலவும் இல்லை, பக்கவிளைவும் இல்லை.

இந்த வாரமே செய்யுங்கள்

கணவனும் மனைவியும் சேர்ந்தே டாக்டரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். “குழந்தைக்குத் திட்டமிடுகிறோம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, பி12 பாருங்கள். தற்போது சாப்பிடும் எல்லா மருந்தையும் காட்டுங்கள். ஃபோலிக் ஆசிட்டைச் சரியான அளவில் எழுதி வாங்குங்கள்.

திட்டமிடாமலே உருவாகும் கர்ப்பங்களும் ஏராளம். ஆகவே கருத்தரிக்க வாய்ப்புள்ள எந்தப் பெண்ணும், “இப்போது குழந்தை யோசனை இல்லையே” என்று இதைத் தள்ளிவைக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ திருமணத் தேதி குறித்திருக்கும் பெண் இருந்தால், ஜாதகப் பொருத்தம் பார்த்தாயிற்றா என்று கேட்பதோடு ஃபோலிக் ஆசிட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். கெடு தாண்டிய பிறகு அந்த மாத்திரையால் நரம்புக் குழாயை மூட முடியாது.