பிடித்த புத்தகம் ஒன்று போதும்



நீங்கள் கடைசியாக விரும்பி வாசித்த புத்தகம் எது? இப்படிக் கேட்டால், "வீட்டு வேலைக்கே நேரம் போதவில்லை" என்று சிலர் சொல்வீர்கள். "புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே தூக்கம் வருகிறது" என்று வேறு சிலர் சொல்வீர்கள். இந்த இரண்டாவது பதிலைப் பற்றியே இங்கே பேச விரும்புகின்றேன். அப்படியொரு தூக்கத்துக்கு நானும் ஒருமுறை காரணமாக இருந்திருக்கின்றேன்.

அரபுக் கல்லூரியில் இறுதி வகுப்பில் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. விடுமுறையில் வீடு வந்தபோது, என் தங்கை குசினி வாசலில் இருந்து கதைப் புத்தகமொன்றில் மூழ்கியிருந்தாள். "இதென்ன வீண் கதை?" என்று அதைப் பறித்துவிட்டு, அறுநூறு பக்கங்கள் கொண்ட கனமான மொழிபெயர்ப்பு நூலொன்றை அவள் கையில் கொடுத்தேன். "சரி நானா" என்று வாங்கிக்கொண்டாள். அந்த நூல் அலுமாரியின் மேல் ஏறியது. அதன் பின் அவள் என் புத்தகத்தையும் வாசிக்கவில்லை, தன் புத்தகத்தையும் வாசிக்கவில்லை. திருமணமாகிப் பிள்ளைகள் பெற்று ஆண்டுகள் பல கழிந்தன.

நான் அரபு வாசிக்கப் பழகியது எப்படி என்பதை அன்று நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆரம்ப வகுப்பில் எங்கள் உஸ்தாத் கையில் தந்தது மெல்லிய நூலொன்று. மௌலானா அபுல் ஹஸன் அலி நத்வி அவர்கள் எழுதிய 'கஸஸுன் நபிய்யீன்' அது. அவரது அண்ணன் மகன் கதை என்றால் உயிரை விடுபவன். ஆனால் அவனுக்கு வாசிக்கக் கிடைத்தவையோ பூனை, நாய், சிங்கம், கரடிக் கதைகள். மௌலானா அவனது ஆசையைக் கண்டிக்கவில்லை. அவன் வயதுக்கேற்ற நடையில் நபிமார்களின் கதைகளை எழுதிக் கொடுத்தார். சின்னச் சின்ன வாக்கியங்கள். கற்ற சொற்களே திரும்பத் திரும்ப வரும். "அடுத்து என்ன நடந்தது?" என்ற ஆவலே எங்களைப் பக்கம் புரட்ட வைத்தது. பெரிய கிதாபுகளுக்குப் போக அதுவே படிக்கல்லாயிற்று.

எளிய நூல் தரம் குறைந்தது என்று யாரும் எண்ண வேண்டாம். கதை வாசிப்பது வெட்டி வேலையுமல்ல. நம் சமூகத்தின் கல்விக்காக உழைத்த அறிஞர் சித்திலெவ்வை 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலையும் எழுதினார்.

சில ஆண்டுகளுக்கு முன், வைக்கம் முஹம்மது பஷீர் மலையாளத்தில் எழுதிய 'பாத்துமாவின் ஆடு' நாவலின் தமிழாக்கத்தைத் தங்கையிடம் கொடுத்தேன். 1959இல் வெளிவந்த சிறிய நூல். உம்மா, தம்பிமார், மதனிமார், பிள்ளைகள் என்று நிறைந்த வீடு. அங்கே தங்கையின் ஆடு எழுத்தாளரின் புத்தகங்களையே தின்றுவிடுகிறது. அடுத்துப் போர்வையில் வாய் வைக்கும்போதுதான் அவர் பதறுகிறார். புத்தகத்துக்கு வேறு பிரதி உண்டு, போர்வைக்கு ஏது? இரண்டு நாள் கழித்துத் தங்கை தொலைபேசியில் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "இது நம்மட வீடு மாதிரியே இருக்கு நானா, இன்னொண்டு தாங்க" என்றாள். அவரது 'எங்க உப்பப்பாவுக்கொரு ஆனையிருந்தது' என்ற நூலைக் கொடுத்தேன். அதில் எழுத்தறியாத குஞ்ஞுபாத்துமாவுக்கு அயல்வீட்டு ஆயிஷா எழுத்துக் கற்றுக் கொடுக்கிறாள். தங்கை அதை வாசித்து முடித்து மகளிடம் கொடுத்தாள். மகள் தன் தோழியிடம் கொடுத்தாள். அலுமாரியின் மேலிருந்த என் பெரிய நூலும் போன வருடம் கீழே இறங்கிவிட்டதாம்!

ஆகவே சகோதரிகளே, சிறியதிலிருந்து தொடங்குங்கள். புத்தகத்தின் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து வாசித்துப் பாருங்கள். வரிக்கு வரி தடுமாறினால் கூச்சப்படாமல் மூடி வைத்துவிட்டு வேறொன்றை எடுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் போதும். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம். நம் மூத்தம்மாமார் அரபுத் தமிழ் மாலைகளை அப்படித்தான் அனுபவித்தார்கள். பிள்ளை ஒரு கதையை வாசித்து முடித்ததும் "என்ன படிப்பினை?" என்று பரீட்சை வைக்காதீர்கள். "எந்த இடம் பிடித்தது?" என்று கேளுங்கள்.

பிடித்ததை உங்களோடு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அயல்வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தால் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க நமக்கு மனம் வராது. புத்தகமும் அப்படிப் போய் வரட்டும். இந்த வாரம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், இன்னொன்று உங்களைத் தேடி வரும்.