“வெறும் காய்ச்சல்தானே” என்று இருந்துவிடலாமா?

பிள்ளைக்கு உடம்பு சற்றுச் சுட்டாலே போதும், தாய்மார்கள் துடித்துப் போகிறார்கள். நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறார்கள், ஈரத்துணி போடுகிறார்கள், விடிந்ததும் கிளினிக்கில் முதல் ஆளாய் வரிசையில் நிற்கிறார்கள். அதே தாய்க்கோ தகப்பனுக்கோ காய்ச்சல் வந்தால் என்ன நடக்கிறது? கோடாலித் தைலத்தை நெற்றியில் தேய்த்துக்கொண்டு, இரண்டு பனடோலை விழுங்கிவிட்டு, விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கேரித் தீவில் செம்பனைக் குலை வெட்டுபவரானாலும் சரி, கிள்ளானில் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் கடைக்கு வேலைக்குப் போகிறவரானாலும் சரி, சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “வெறும் காய்ச்சல்தானே!”

வாசகர்களே, எது தானாகப் போகும் காய்ச்சல், எது ஆளையே சாய்த்துவிடும் காய்ச்சல் என்று அடையாளம் கண்டுகொள்ள மருத்துவப் படிப்பு தேவையில்லை. சில அறிகுறிகளைத் தெரிந்துகொண்டு, நாள்களைச் சரியாக எண்ணி வந்தாலே போதும்.

மூக்கொழுகல் வேறு, ஃப்ளூ வேறு

நம் ஊரில் மூக்கு ஒழுகினாலே “ஃப்ளூ” என்று சொல்லும் பழக்கம் இருக்கிறது. அது சாதாரண ஜலதோஷம். முதலில் தும்மல், பிறகு மூக்கடைப்பு, தொண்டைக் கரகரப்பு என்று மெல்ல மெல்ல வரும். காய்ச்சல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். நடமாட முடியும்.

உண்மையான ஃப்ளூ, அதாவது இன்புளுவென்சா, திடீரென்று வரும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருப்பார். கடுங்காய்ச்சல், தலைவலி, கை கால் முதுகெல்லாம் அடித்துப் போட்டாற்போல் வலி, வறட்டு இருமல், தொண்டை வலி, எழுந்து நிற்கவும் முடியாத அசதி ஆகியவை இதன் அடையாளங்கள். கிருமி உடம்புக்குள் புகுந்து ஒன்று முதல் நான்கு நாள்களுக்குள் நோய் தெரியும். காய்ச்சல் பெரும்பாலும் மூன்று நான்கு நாள்களில் தணியும். இருமலும் சோர்வும் இரண்டு வாரம்கூட நீடிக்கலாம்.

வீட்டில் வயதான பாட்டி தாத்தா இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அவர்களுக்குக் காய்ச்சல் அடிக்காமலேயே ஃப்ளூ வரக்கூடும். திடீரென்று சோர்ந்து படுப்பது, சாப்பிட மறுப்பது, பேச்சில் தடுமாற்றம் ஆகியவையே அறிகுறிகளாக இருக்கலாம். “வயதாகிவிட்டது” என்று விட்டுவிடாதீர்கள்.

பலசாலியையும் விடாத நோய்

1918ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்நோய் உலகெங்கும் பரவியபோது மலாயாவையும் விட்டுவைக்கவில்லை. ரப்பர்த் தோட்டங்களில் நெருக்கமான லயங்களில் வாழ்ந்த நம் முன்னோர்களில் பலர் அதற்குப் பலியானார்கள். இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தக் கொள்ளைநோயில் குழந்தைகளும் முதியவர்களும் மட்டுமல்லாமல், 20 முதல் 40 வயதுவரை உள்ள, நன்றாக உழைத்துவந்த ஆண்களும் பெண்களும் ஏராளமாக இறந்தார்கள்.

பிறகு 1957இல் ஆசிய ஃப்ளூ வந்தது. 1968இல் ஹாங்காங் ஃப்ளூ வந்தது. 2009இல் எச்1என்1 கிருமி உலகைச் சுற்றியது. நம் நாட்டில் அதன் முதல் நோயாளி அவ்வாண்டு மே 15ஆம் நாள் உறுதி செய்யப்பட்டார். “எனக்கென்ன, கல்லுப்போல இருக்கிறேன்” என்று மார்தட்டுபவர்கள் இந்த வரலாற்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஃப்ளூவா, டிங்கியா?

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. டிங்கியும் திடீர்க் காய்ச்சலோடும் உடல் வலியோடும்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகளாக டிங்கி மிக அதிகமாகக் காணப்படும் மாநிலம் நமது சிலாங்கூர்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஃப்ளூவில் இருமலும் தொண்டை வலியும் இருக்கும். டிங்கியில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, வாந்தி, தோலில் சிவப்புப் புள்ளிகள் ஆகியவை காணப்படும். ஆகவே இருமல் இல்லாத கடுங்காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

டிங்கியில் ஓர் ஏமாற்றமும் உண்டு. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போது கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் எலிக்காய்ச்சலையும் மனத்தில் வையுங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீராலும் சேற்றாலும் அது தொற்றும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல், கண் மஞ்சளித்தல் இருந்தால், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கோவிட்-19 ஃப்ளூவைப் போலவே இருக்கும். அறிகுறியை வைத்துப் பிரிக்க முடியாது, பரிசோதனைதான் வழி.

நாள்காட்டியில் ஒரு கோடு

காய்ச்சல் தொடங்கியதும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு கோடு போடுங்கள், நேரத்தையும் எழுதுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்பதே.

முதல் 48 மணி நேரம் முக்கியமானது. ஃப்ளூவுக்கென்று உள்ள ஓசெல்டமிவிர் என்னும் மருந்து அதற்குள் தொடங்கினால் நன்றாக வேலை செய்யும். இனிப்பு நீர், ஆஸ்துமா, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், முதியவர்களும் அந்த நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

“விருந்தும் மருந்தும் மூன்று நாள்” என்பார்கள். மூன்றாம் நாளும் காய்ச்சல் தணியாவிட்டால் யாராக இருந்தாலும் வீட்டில் இருக்கக் கூடாது. தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினால் நுரையீரலில் சளி கட்டிவிட்டதோ என்று பார்க்க வேண்டும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உளறல், வலிப்பு, சிறுநீர் பிரியாமை ஆகியவை கண்டால் நாள் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், 999க்கு அழையுங்கள்.

“வேலை போய்விடுமே!”

இந்தக் கவலைதான் பலரைக் காய்ச்சலோடு வேலைக்குத் துரத்துகிறது. ஆனால் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பைத் தந்திருக்கிறது. வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் இருப்பவருக்கு ஆண்டுக்கு 14 நாள். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 18 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆனவருக்கு 22 நாள். மருத்துவரின் சான்று வேண்டும். விடுப்புத் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்கத் தவறினால் அனுமதியில்லாமல் வராதவர் என்று கணக்கில் எழுதிவிடலாம். ஆகவே நாள்காட்டியில் போட்ட கோடு இதற்கும் உதவும்.

வீட்டு வைத்தியம்

ஓய்வும் நீராகாரமும் பெரிய மருந்து. கஞ்சி, மிளகு ரசம், சுக்கு நீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம். அவை தொண்டைக்கு இதம், கிருமியைக் கொல்லா. காய்ச்சலுக்கு பாராசிட்டமால் போதும். டிங்கி இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரினோ புரூபெனோ வேண்டாம். ரத்தக் கசிவை உண்டாக்கிவிடும். மீந்துபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் வேண்டாம். ஃப்ளூ கிருமியை அது ஒன்றும் செய்யாது.

நோயாளி முகக்கவரி அணிந்து, தனியே படுக்கட்டும். நோய் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்து, தெரிந்த ஐந்து ஏழு நாள்வரை அவரிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றும். ஃப்ளூ கிருமி அடிக்கடி உருமாறுவதால் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். முதியவர்களும் நாள்பட்ட நோயாளிகளும் அது பற்றி அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் அவசியம் விசாரியுங்கள்.

குடும்பத் தலைவர்களே, தலைவிகளே! பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அதே அக்கறையோடு உங்கள் நெற்றியையும் தொட்டுப் பாருங்கள். நீங்கள் படுத்துவிட்டால் வீட்டில் உலை வைப்பது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது யார்? இரண்டு நாள் ஓய்வெடுப்பது சோம்பேறித்தனமல்ல. குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் கடமையில் அதுவும் ஒன்று.