ஜெட் இன்ஜினுக்கு எரிபொருள் அளக்கும் கம்ப்யூட்டர்

கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களில் சொட்டுநீர்ப் பாசனத்தைப் பார்த்திருப்பீர்கள். மோட்டார், பில்டர், வால்வு, கடைசியில் சிறு துளைகள். ஜெட் விமானத்தின் எரிபொருள் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். இறக்கை டேங்க்கில் உள்ள பம்ப் எரிபொருளை அனுப்பும். இன்ஜினில் உள்ள பம்ப் அழுத்தத்தைக் கூட்டும். பில்டர், அளவு வால்வு ஆகியவற்றைக் கடந்து, நாசில்களில் நுண்துளிகளாகத் தெளிக்கப்பட்டு அது எரியும்.

வால்வு எவ்வளவு திறக்க வேண்டும்? இதை முடிவு செய்வது ‘பேடெக்’ என்ற கம்ப்யூட்டர். பைலட் லீவரைத் தள்ளுவது கீபோர்டில் கட்டளை தருவது போலத்தான். சென்சார்கள் தரும் வேகம், வெப்பம், அழுத்தம் ஆகிய தகவல்களைப் பார்த்து, இன்ஜின் தாங்கும் அளவுக்கே பேடெக் எரிபொருள் விடும். ஒரு சேனல் பழுதானால் இன்னொரு சேனல் வேலையைத் தொடரும்.

ஆனால் எரிபொருளை அடியோடு நிறுத்தும் சுவிட்ச்கள் பைலட் கையருகே உள்ளன. இன்ஜினில் தீப்பிடித்தால் உடனே நிறுத்த வேண்டுமே! 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியாவின் போயிங் 787 புறப்பட்ட சில விநாடிகளில், அந்த இரு சுவிட்ச்களும் ஒரு விநாடி இடைவெளியில் ‘கட்ஆஃப்’ நிலைக்கு மாறியதாக முதற்கட்ட விசாரணை அறிக்கை கூறுகிறது. அவை மீண்டும் ‘ரன்’ நிலைக்கு வந்ததும், பேடெக் தானாகவே இன்ஜின்களைப் பற்றவைக்கத் தொடங்கியது. அணைந்த இன்ஜின் வேகம் பிடிக்க நேரமும் உயரமும் தேவை. அன்று இரண்டுமே இல்லை. 260 பேர் உயிரிழந்தனர்.