கூதிர்காலமும் முதியோர் பொழுதும்

தமிழ் முன்னோர் ஓர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்தது கூதிர்காலம். மேனாட்டார் இலையுதிர்காலம் என்று வழங்கும் பருவமும் ஏறத்தாழ இதுவே. அங்கே மரங்கள் இலைகளை உதிர்த்து வெறுமையாகின்றன. ஆதலால் அந்நாட்டுப் புலவர் அப்பருவத்தை முதுமைக்கு உவமை கூறினர். நமது வடபகுதியின் இயல்போ வேறு. மாதக்கணக்காக வெயிலிற் காய்ந்த செம்மண் இப்பருவத்திலேதான் பசுமை கொள்கின்றது. வற்றிய குளங்கள் நிரம்புகின்றன. கிணற்றின் நீர்மட்டம் உயர்கின்றது. தொலைதேசத்துப் பறவைகள் வந்து இறங்குகின்றன. வயது முதிர்ந்தோர் இப்பருவத்தை இன்பமாகவும் பயனாகவும் கழிக்கும் வகை யாது என்பதைச் சிறிது சிந்திப்போம்.

இது முன்னிலும் இன்று கருத்திற் கொள்ளவேண்டிய பொருள். இலங்கையின் குடித்தொகையில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் 1981ஆம் ஆண்டில் நூற்றுக்கு 6.6 பேராக இருந்தனர். 2012ஆம் ஆண்டில் அது 12.4 ஆயிற்று. முதியோர் தொகை பெருகிற்று. அவர்கள் வாழும் வீடுகளோ பலவிடங்களிற் சுருங்கிவிட்டன. பிள்ளைகள் கொழும்பிலோ இலண்டனிலோ கனடாவிலோ இருக்க, பெரிய வளவொன்றில் இருவர் மட்டும், சிலவேளை ஒருவர் மட்டும் வாழ்வதைக் காண்கிறோம்.

உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர் சம்பளத்தின் ஒரு பகுதியை இழக்கிறார் என்று பலரும் கணக்கிடுவர். அவர் இழப்பது அதனினும் பெரிதான ஒன்று: நாளை காலையில் தமக்காகக் காத்திருக்கும் ஒரு கருமம். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய தாய்க்கும் இவ்விழப்பு உண்டு. ஓய்வு வேண்டியமட்டும் இருக்கிறது. எதிர்பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதே முதுமையின் பெருங்குறை. கூதிர்காலம் அக்குறையைத் தீர்க்கவல்ல மூன்று வழிகளைக் காட்டுகின்றது.

முதலாவது, மண். குடாநாட்டின் நிலத்தடியிற் கிடப்பது சுண்ணக்கல். பெய்யும் மழை அதன் வெடிப்புகளூடாக இறங்கித் தங்குவதனாலேயே நமது கிணறுகளில் நன்னீர் ஊறுகின்றது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் வீழ்ந்துவிடும். நீர் இறைத்து ஊற்றும் வருத்தம் குறைந்த இக்காலமே முதியோர் நாற்று நடுவதற்கு ஏற்றது. கத்தரி, மிளகாய் நாற்றுகளை மேட்டுப்பாத்தியில் வைக்கலாம். முருங்கைத் தடியை நீர் தேங்காத இடம் பார்த்து ஊன்றலாம். தேங்கினால் அடி அழுகிவிடும். குனிந்து கொத்த இயலாதவர் இடுப்பளவு உயரத்திற் சட்டிகளை வைத்துக் கொள்வாராக.

பனம்பாத்தியின் இன்பம் தனியானது. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழத்தின் விதைகளை மணற்பாங்கான மேட்டிற் பக்கம் பக்கமாக அடுக்கி மூடிவிட்டால், மழையீரத்தில் முளை கீழ்நோக்கி இறங்கிக் கிழங்காகின்றது. சில மாதங்களின் பின் பாத்தியைக் கிண்டும் நாளிற் பேரப்பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அவித்துத் தின்னலாம், பச்சையாகப் பிளந்து உலர்த்தினால் ஒடியல், அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியல் மாவிலே கூழ் காய்ச்சும் இரவில் வீடு நிறைந்துவிடும். பாத்தி போட்டவருக்கோ அன்று முதல் கிண்டும் நாள்வரை ஒவ்வொரு காலையும் சென்று பார்க்க ஓரிடம் இருக்கும்.

இரண்டாவது, பறவை. ஐப்பசி அளவில் மாலை ஆறு மணியை ஒட்டி நிழல் செறிந்த வளவுகளில் இரட்டைச் சீழ்க்கை ஒலியொன்று கேட்கும். அதுவே ஆறுமணிக் குருவி. பசிய முதுகு, நீலத் தோள், வாலடியிற் சிவப்பு, கண்ணை ஊடறுக்கும் கரிய பட்டை எனப் பல நிறம் கொண்ட இச்சிறு பறவை, இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதிக் குன்றுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கு வருகின்றது. நெடும்பயணத்தாற் களைத்து வீட்டுக்குள் வந்து விழுவதும் உண்டு. அப்பொழுது அதனைப் பூனைக்கு எட்டாத அமைதியான, இருண்ட இடத்திற் சிறிது நேரம் இளைப்பாற விட்டு, பின்னர் வெளியே விடுதல் வேண்டும். தனது அழகிய ஆடையை மயில் திருடிக்கொண்டது என்று இக்குருவி முறையிடுவதாகச் சிங்கள மக்களிடையே ஒரு கதை வழங்குகின்றது. குழந்தைகளுக்குச் சொல்ல இதனினும் இனிய கதை வேண்டுமோ!

வெளியே செல்ல விரும்புவோர்க்கு மன்னார் வங்காலைச் சரணாலயம் உளது. 2008இற் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடம் மன்னார்த் தீவுக்குச் செல்லும் பாதையின் ஓரத்திலேயே இருப்பதால், நடக்க இயலாதவரும் வாகனத்தில் இருந்தபடி பூநாரைகளையும் ஊசிவால் வாத்துகளையும் கண்டு மகிழலாம். கிளிநொச்சிப் பக்கத்தவர்க்குச் சுண்டிக்குளம் அணித்து. வெயில் ஏறுமுன் செல்வதும், குடையும் குடிநீரும் கொண்டு செல்வதும் நலம்.

கண்டதைக் குறித்து வைத்தால் இப்பொழுதுபோக்கு வித்தையாகின்றது. ஜீ. எம். ஹென்றி என்பவர் கொழும்பு நூதனசாலையிற் பூச்சியினங்களை ஆராயும் பணி புரிந்து 1946இல் இளைப்பாறினார். இலங்கைப் பறவைகளைப் பற்றி அவர் எழுதிப் படமும் வரைந்த பெருநூல் 1955இல், அவர் அறுபது வயதைக் கடந்த பின்னரே வெளிவந்தது. நாம் நூல் எழுத வேண்டுவதில்லை. பழைய கொப்பியொன்றிலே, முதல் மழை பெய்த நாள், குருவியின் குரல் முதலிற் கேட்ட நாள், கிணற்றில் நீர் ஏறிய அளவு ஆகியவற்றை ஆண்டுதோறும் எழுதி வந்தாற் போதும். ஐந்தாறு ஆண்டுகளில் அது அவ்வூரின் வரலாறாகிவிடும்.

மூன்றாவது, விளக்கு. கார்த்திகை விளக்கீட்டன்று வாயிலில் வாழைக்குற்றி நட்டு, அதன்மேற் சுடர் ஏற்றுகிறோம். தடிகளிலே துணி சுற்றி எண்ணெயிற் தோய்த்த பந்தங்களை வளவின் மூலைகளிலும் கிணற்றடியிலும் குத்துகிறோம். பந்தம் சுற்றும் பக்குவம் அப்பப்பாவின் கைக்குத் தெரியும்; திரி திரிக்கும் நேர்த்தி அம்மம்மாவின் விரலுக்குத் தெரியும்; ஓடிச்சென்று குத்துவதற்குப் பிள்ளைகளின் கால்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் இளையோரே செய்துவிட்டு, முதியோரைக் கதிரையில் இருத்திப் பார்க்கச் சொல்வது மரியாதை போலத் தோன்றும். ஆயினும் வேலையைப் பறிப்பது அவர்தம் இடத்தையே பறிப்பதாகும் என்பதை வீட்டார் உணர வேண்டும்.

பிள்ளைகள் கடல் கடந்து இருப்பின் என் செய்வது? தொலைபேசியில் நாள்தோறும், “சாப்பிட்டீர்களா, மருந்து எடுத்தீர்களா” என்று அவர்கள் கேட்க, “ஓம்” என்று விடை கூறுவதோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. இதில் அன்பு உண்டு, செய்தி இல்லை. “இன்று குருவி வந்துவிட்டது; பாத்தியிலே முளை கண்டது” என்று சொல்ல ஒன்று இருக்குமாயின், நாளை என்ன ஆயிற்று என்று கேட்க அங்கும் ஒருவர் இருப்பார். பனி மூடிய ஊரில் வளரும் பேர்த்திக்கு நம் வளவு அவ்வாறே அறிமுகமாகும்.

எச்சரிக்கை சிலவும் கூறல் வேண்டும். மழைக்காலத்திற் கிணற்றடிச் சீமெந்தில் பாசி படரும்; முதுமையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் மீள்வது அரிது. பாசியைத் தேய்த்து நீக்குவித்து, பிடித்து நடக்க ஒரு கம்பி பொருத்துக. டெங்கு நுளம்பு தெளிந்த நீரிலே முட்டையிட்டு ஏறத்தாழ ஒரு வாரத்திற் பறக்கத் தொடங்கும். ஆதலால் வாரம் ஒருமுறை வளவைச் சுற்றிவந்து சிரட்டை, பூச்சட்டித் தட்டு முதலியவற்றில் தேங்கிய நீரைக் கவிழ்த்தல் முதியோர் ஏற்கத்தக்க நற்பணி. அது அயலவர்க்கும் காவலாகும்.

நேயர்களே, இவை அனைத்தையும் ஒருவரே செய்ய வேண்டுவதில்லை. ஒரு பாத்தியோ, ஒரு கொப்பியோ, ஒரு பந்தமோ போதும். உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பின், வரும் ஐப்பசியில் அவர் கையில் ஒரு பிடி விதையைக் கொடுத்து, எங்கே நடலாம் என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்திலே நடுங்கள்.