விலை ஏறும் காலம் – 17: போன் போட்டுக் காரணம் கேட்டவர்கள்

2022 ஜூனில் அமெரிக்காவில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டதும், மத்திய வங்கி வட்டியை ஏற்றிக்கொண்டே போனதும் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் பஞ்சப்படி பிறந்த கதையைச் சொல்வதாக இருந்தேன். அதற்காகப் படித்துக்கொண்டிருந்தபோது ஆட்குறைப்பு பற்றிய பழைய அரசாங்க அட்டவணை ஒன்று அகப்பட்டது. அதைப் பார்த்ததிலிருந்து வேறெதிலும் மனம் ஓடவில்லை. பஞ்சப்படி ஒரு வாரம் பொறுக்கட்டும்.

அமெரிக்கத் தொழிலாளர் துறைக்குள் தொழிலாளர் புள்ளியியல் பணியகம் என்று ஒன்று உண்டு. மாதாமாதம் விலைவாசிக் குறியீட்டை வெளியிடுவது அதுதான். அந்தப் பணியகம் பெருந்திரளாக ஆட்களை வேலையைவிட்டு அனுப்பும் நிறுவனங்களுக்கென்று தனியாக ஒரு கணக்கு வைத்திருந்தது. அங்கே வேலை போனவர்கள் வேலையின்மைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிப்பார்கள். ஒரே நிறுவனத்திலிருந்து ஐந்து வாரத்துக்குள் ஐம்பது விண்ணப்பங்கள் வந்தால் அந்த நிறுவனத்தின் பெயரைத் தனியே எடுத்து வைப்பார்கள். பிறகு மாநில அரசின் ஊழியர் ஒருவர் அந்த நிறுவனத்துக்கு போன் போடுவார். முப்பது நாளைத் தாண்டியும் வேலை இல்லையா, எத்தனை பேரை அனுப்பினீர்கள், திரும்பக் கூப்பிடுவீர்களா, எதற்காக அனுப்பினீர்கள் என்று கேட்பார்.

அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். வந்த பதிலை ஏதோ ஒரு கட்டத்தில் போட வேண்டும் அல்லவா? ஒப்பந்தம் முடிந்தது ஒரு கட்டம்; ஒப்பந்தம் ரத்தானது இன்னொரு கட்டம். சரக்கு தேங்கியது, இறக்குமதிப் போட்டி, உள்நாட்டுப் போட்டி, வேலை மந்தம். திவால். நிறுவனம் கைமாறியது. இயந்திரம் பழுதுபார்ப்பு, கார் மாடல் மாற்றம், தானியங்கி இயந்திரம் வந்தது, மூலப்பொருள் தட்டுப்பாடு, எரிசக்தி தொடர்பானது, அரசாங்க விதிமுறை, தொழில் தகராறு. புயல் வெள்ளத்துக்கு ஒன்று, கடும் வானிலைக்கு ஒன்று. 2005இல் கத்ரீனா புயலில் வேலை இழந்தவர்கள் இந்தக் கணக்கில் தனியாகத் தெரிந்தார்கள். பள்ளி விடுமுறைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. கோடை விடுமுறை வந்தால் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்கு வேலை இருக்காது. அவர்கள் அந்தக் கட்டத்தில் வந்து சேர்வார்கள். ஓர் ஆலையில் ஐம்பது பேர் வெளியே நிற்பதற்கு இத்தனை வகைக் காரணம் இருக்க முடியும் என்று உட்கார்ந்து யோசித்துப் பிரித்திருக்கிறார்கள். மனிதர்களின் வேலையை மதிக்கிற ஒருவரால்தான் இப்படிப் பிரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பட்டியலில் பணவீக்கம் இல்லை. பொருள் விலை ஏறியதால் ஒரு நிறுவனம் அடிபட்டது என்றால், அடி எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டும். எரிசக்தியா, மூலப்பொருளா, வாங்க வருபவர்கள் குறைந்துவிட்டார்களா, கையில் காசு இல்லையா? 'விலைவாசி ஏறிவிட்டது, அதனால் அனுப்பினோம்' என்ற பதிலைப் போட்டுவைக்க இடமே கிடையாது. அதே பட்டியலில், நிதி சார்ந்த காரணங்களுக்குக் கீழே, செலவைக் கட்டுப்படுத்துவது, செலவைக் குறைப்பது, லாபத்தைக் கூட்டுவது ஆகிய மூன்றையும் ஒரே கட்டத்தில் சேர்த்திருந்தார்கள். செலவைக் குறைத்தோம் என்று ஒரு நிர்வாகம் சொன்னாலும், லாபத்தைக் கூட்டினோம் என்று சொன்னாலும், பதில் அதே கட்டத்தில்தான் விழுந்தது.

இந்தக் கணக்கு மூன்று முறை நிறுத்தப்பட்டது. 1992இல், மூத்த புஷ் ஆட்சியின் கடைசியில், பணம் இல்லை என்று நிறுத்தினார்கள். கிளின்டன் காலத்தில் 1995இல் மறுபடி தொடங்கியது. 2002இல் மகன் புஷ் ஆட்சியில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மறுபடியும் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த ஆண்டு நிதி திரும்பக் கிடைத்தது. 2013இல் எல்லாத் துறைகளுக்கும் ஒட்டுமொத்த நிதிவெட்டு வந்தபோது பணியகம் இதை விட்டுவிட்டது. அப்போது ஒபாமா ஆட்சி. அதன் பிறகு இது உயிர்பெறவில்லை. எத்தனை பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள் என்ற மாதாந்தரக் கணக்கு இன்றும் வருகிறது. எதற்காக என்று அந்தந்த நிறுவனத்துக்கு போன் போட்டுக் கேட்கும் ஆள்தான் இல்லை.

ஆகவே 2022 நவம்பரில் பெரிய நிறுவனங்களின் ஆட்குறைப்பு அலை கிளம்பியபோது, காரணம் சொல்லும் வேலை முழுவதும் நிர்வாகங்களின் கைக்குப் போயிருந்தது. நவம்பர் 9ஆம் தேதி மெட்டா 11,000 பேரை அனுப்பியது. 2023 ஜனவரியில் அமேசான் 18,000, மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 12,000. பொருளாதாரச் சூழல் மாறிவிட்டது, நிச்சயமின்மை, விலைவாசி, வட்டி என்று அறிவிப்புகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை போல் இருந்தன. கொரோனா காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்துவிட்டோம் என்று மெட்டாவின் தலைவர் சக்கர்பெர்க்கும் மென்பொருள் நிறுவனமான சேல்ஸ்ஃபோர்ஸின் தலைவர் பெனியாஃபும் ஒப்புக்கொண்டார்கள். அதை நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். அதுவாவது ஒரு நேரான பதில். மைக்ரோசாஃப்ட் அறிவிப்புக்கு முந்தைய நாள் இரவு, டாவோஸில் அந்நிறுவனத்தின் மேலதிகாரிகள் உட்பட ஐம்பது பேர் அளவில் கூடியிருந்த விருந்தில் பாடகர் ஸ்டிங் பாடினார் என்ற செய்தி வெளியானபோது மக்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கச்சேரிச் செலவு இந்தக் கணக்கில் ஒரு தூசு. பெரிய தொகை வேறு இடத்தில் இருந்தது.

ஆல்ஃபபெட்டையே எடுத்துக்கொள்கிறேன். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை அதன் தலைவர். அவர் உயர்ந்ததை நம் வீடுகளில் நம் பிள்ளை உயர்ந்ததாகக் கொண்டாடியிருக்கிறோம். அதனால் அவர் கையெழுத்திட்ட கடிதத்தைக் கூர்ந்து படிக்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. வேறொரு பொருளாதாரச் சூழலுக்காக ஆள் எடுத்தோம், இன்றைய சூழல் வேறு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்பது அதன் சாரம். 2022இல் அந்த நிறுவனத்தின் நிகர லாபம் ஏறத்தாழ 6,000 கோடி டாலர். அதே ஆண்டில் தன் பங்குகளைத் தானே சந்தையிலிருந்து திரும்ப வாங்கச் செலவிட்டது 5,900 கோடி டாலருக்கு மேல். கிட்டத்தட்ட லாபம் முழுவதும். 12,000 பேரை அனுப்பியதன் தொடர்ச்சியாக இழப்பீடு முதலியவற்றுக்கு ஆகும் என்று நிறுவனமே மதிப்பிட்ட தொகை 190 முதல் 230 கோடி டாலர். மூன்று மாதம் கழித்து, 2023 ஏப்ரலில், இன்னும் 7,000 கோடி டாலருக்குப் பங்குகளைத் திரும்ப வாங்க இயக்குநர் குழு அனுமதி கொடுத்தது.

பங்குகளைத் திரும்ப வாங்கினால் சந்தையில் இருக்கும் பங்குகளின் எண்ணிக்கை குறையும். மீதமுள்ள ஒவ்வொரு பங்குக்கும் உரிய லாபம் கூடித் தெரியும். இப்படிப் பெருமளவில் வாங்குவது விலையைச் செயற்கையாக ஏற்றும் மோசடி என்ற வழக்கில் கொண்டுபோய் விடுமோ என்று நிறுவனங்கள் ஒரு காலத்தில் தயங்கின. 1982இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 10பி-18 என்ற விதியைக் கொண்டுவந்து அந்தப் பயத்தைப் போக்கியது. 2023 முதல் இதற்கு ஒரு சதவீத வரி உண்டு.

விலைவாசிக்கும் இந்த ஆட்குறைப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலைவாசி ஏறியது, மத்திய வங்கி வட்டியை ஏற்றியது, வட்டி ஏறினால் நாளை வரப்போகும் லாபத்துக்கு இன்று கிடைக்கும் மதிப்பு குறையும், தொழில்நுட்பப் பங்குகள் சரிந்தன. 2022இல் மெட்டா பங்கு தன் விலையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை இழந்தது. கடன் வாங்கியும் முதலீட்டாளரை நம்பியும் ஓடிய சிறு நிறுவனங்களுக்கு மூச்சு முட்டியது உண்மை. அவர்கள் காரணத்தை நான் சந்தேகிக்கவில்லை. பெரிய நிறுவனங்களில் நடந்தது வேறு. ஆல்ஃபபெட்டில் பங்கு வைத்திருந்த லண்டன் முதலீட்டு நிறுவனம் டி.சி.ஐ.யின் தலைவர் கிறிஸ்டோஃபர் ஹோன் 2022 நவம்பரில் பிச்சைக்குக் கடிதம் எழுதினார்: ஆட்கள் அதிகம், சம்பளம் அதிகம், லாப விகிதத்துக்கு இலக்கு வையுங்கள், பங்குகளை இன்னும் கூடுதலாகத் திரும்ப வாங்குங்கள். 12,000 பேர் அனுப்பப்பட்ட பிறகும் அவர் விடவில்லை. எண்ணிக்கையை 1,50,000 அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று மறுபடி எழுதினார்.

விலைவாசி ஒரு முனை, அதிகாலையில் வந்த பணிநீக்க மின்னஞ்சல் மறுமுனை. நடுவில் இருப்பது மனிதர்கள் எடுத்த முடிவுகள். 6,000 கோடி டாலர் எங்கே போக வேண்டும் என்று ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து தீர்மானித்திருக்கிறார்கள். பணவீக்கம் என்று மட்டும் சொன்னால் அந்த மேசை மறைந்துவிடுகிறது. வேலை போனது மழை பெய்தது போல ஆகிவிடுகிறது. பணவீக்கம் என்ற விளக்கத்தை மக்கள் நம்ப மறுத்தது இதனால்தான். அவர்களுக்குப் பொருளாதாரம் தெரியவில்லை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2023 மார்ச்சில் ஆல்ஃபபெட் ஊழியர்கள் 1,400 பேர் கையெழுத்திட்டு, இந்தக் காலத்தில் புதிதாக வெளியாட்களை எடுக்க வேண்டாம், முதலில் யாராவது தாமாக விலக விரும்புகிறார்களா என்று கேளுங்கள் என்று பிச்சையிடம் மனுக் கொடுத்தார்கள். கணக்குத் தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

வேலை போனவர்களில் ஹெச்-1பி விசாக்காரர்களின் நிலை தனி. 60 நாளுக்குள் வேறு நிறுவனம் அவர்களுக்காக மனுச் செய்ய வேண்டும். இல்லையென்றால் விசா நிலையை மாற்ற வேண்டும், அல்லது நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். எல்லா நிறுவனங்களும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்திய மாதங்களில் அந்த 60 நாள் எப்படி ஓடியிருக்கும் என்று தமிழ்நாட்டில் பல பெற்றோர்களுக்குத் தெரியும்.

உண்மையிலேயே விலை அடித்த நிறுவனம் எப்படி இருக்கும்? ஜெர்மனியின் ரசாயன நிறுவனமான பி.ஏ.எஸ்.எஃப். என் உதாரணம். உக்ரைன் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் எரிவாயு விலை எகிறியது; 2022இல் மட்டும் எரிசக்திக்குக் கூடுதலாக 320 கோடி யூரோ ஆனது என்று கணக்குக் காட்டியது. 2023 பிப்ரவரியில் 2,600 வேலைகள் போகும் என்றும், லுட்விக்ஸ்ஹாஃபனில் உள்ள இரண்டு அமோனியா ஆலைகளில் ஒன்று மூடப்படும் என்றும் அறிவித்தது. அமோனியாவுக்கு எரிவாயுதான் மூலப்பொருள். காரணமும் விளைவும் ஒரே குழாயில் வருகின்றன. அப்போதே, 300 கோடி யூரோவுக்குத் திட்டமிட்டிருந்த பங்குத் திரும்ப வாங்கலை 140 கோடியோடு நிறுத்திக்கொண்டது. ஆட்குறைப்பு அங்கேயும் கொடுமைதான். ஆனால் பங்குதாரர்களுக்குப் போகும் பணத்திலும் கை வைத்த பிறகு ஒருவர் விலைவாசி என்று சொன்னால், நான் காது கொடுத்துக் கேட்பேன்.

ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை கற்பிக்கும் ஜெஃப்ரி ஃபெஃபர் அந்த நாட்களில் இன்னொன்று சொன்னார்: இது தொற்று; ஒரு நிறுவனம் செய்வதைப் பார்த்து அடுத்த நிறுவனம் செய்கிறது. ஆட்குறைப்பு உயிரைக் குடிக்கும் என்பதும் பல ஆண்டுகளாக அவர் ஆராய்ந்துவரும் விஷயம். அவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

வேலையிழப்புக்கு மத்திய வங்கியும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2023 மார்ச் 7ஆம் தேதி செனட்டில், அதன் உறுப்பினர் எலிசபெத் வாரன், மத்திய வங்கியின் அன்றைய தலைவர் பவலைப் பிடித்துக்கொண்டார். மத்திய வங்கியின் சொந்த மதிப்பீட்டின்படி வேலையின்மை 4.6 சதவீதமாக ஏறினால் 20 லட்சம் பேர் வேலை இழப்பார்களே, அவர்களுக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். பணவீக்கம் ஐந்து ஆறு சதவீதத்தில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டால் உழைப்பவர்கள் நன்றாக இருப்பார்களா என்று பவல் திருப்பிக் கேட்டார். இரண்டும் நேர்மையான கேள்விகள். ஆனால் நடந்தது வேறு. 2023 ஜனவரியில் 3.4 சதவீதமாக இருந்த வேலையின்மை, டிசம்பரிலும் 3.7தான். பணவீக்கமோ அதே டிசம்பரில் 3.4க்கு இறங்கிவிட்டது. விலையேற்றத்தைத் தணிக்க இத்தனை வேலைகளைப் பலி கொடுத்தே ஆக வேண்டும் என்ற வாதம் அந்த ஆண்டில் பொய்த்துப்போனது.

காரணம் கேட்கும் பழக்கம் முழுவதும் செத்துவிடவில்லை. பெருமளவில் ஆட்களை அனுப்பும் நிறுவனம் 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டம், எதற்காக அனுப்புகிறீர்கள் என்று கேட்பதில்லை. அந்த 60 நாளைக் குறைத்தால் மட்டும் ஏன் குறைத்தீர்கள் என்று கேட்கிறது. ஆனால் நியூயார்க் மாநிலம் 2025 மார்ச்சில் தன் முன்னறிவிப்புப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்திருக்கிறது: இந்த ஆட்குறைப்புக்குத் தானியங்கித் தொழில்நுட்பம் காரணமா? இப்போது நிர்வாகங்கள் விலைவாசியை விட்டுவிட்டுச் செயற்கை நுண்ணறிவைக் காட்டத் தொடங்கியிருப்பதால், அந்தப் படிவத்தில் அவர்கள் என்ன பதில் போடுகிறார்கள் என்பதை நான் விடாமல் பார்த்துவருகிறேன்.

அடுத்த வாரம் பஞ்சப்படி, நிச்சயமாக. விலை ஏறினால் கூலியும் தானாக ஏற வேண்டும் என்று 1948இல் ஜெனரல் மோட்டார்ஸும் கார்த் தொழிலாளர் சங்கமும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 2009இல் அந்தப் பஞ்சப்படி பறிபோனது, 2023 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் அதை மீட்டெடுத்தது.