மகன் பட்டம் வாங்க, பெற்றோர் அமெரிக்கா போக... விசா கைக்கு வரட்டும், அப்புறம் டிக்கெட்!

மே மாதம் மகனுக்கு அமெரிக்காவில் பட்டமளிப்பு விழா. "ரெண்டு பேரும் வரணும்" என்று போன் வந்தாச்சு. தெருவெல்லாம் சொல்லியாச்சு. சூட்கேசும் வாங்கியாச்சு. விசா?

சென்னை ஜெமினி மேம்பாலம் அருகே, அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு பைலும் கையுமாக வரும் பெற்றோர் பலருக்கு இதுதான் கவலை.

கல்லூரியின் அழைப்புக் கடிதம் இருந்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அழைப்பு வேறு, விசா வேறு! விழா முடிந்ததும் ஊர் திரும்புவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். இல்லையென்றால் 214(பி) பிரிவின்படி "விசா இல்லை" என்று சொல்லிவிடுவார். வேலை, வீடு, பென்ஷன், இங்கே உள்ள குடும்பம் - இவைதான் உங்களுக்கு சாட்சி.

புரோக்கர் பேச்சைக் கேட்டு போலி பேங்க் பேப்பர் கொடுத்து மாட்டினால், ஆயுசுக்கும் விசா கிடைப்பது கஷ்டம். உஷார்!

விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூனில் 160 டாலரில் இருந்து 185 டாலர் ஆனது. விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. 2022-ல் இன்டர்வியூ தேதிக்கே சில ஊர்களில் 500 நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆகவே விழாத் தேதி தெரிந்த அன்றே மனு போடுங்க. டிக்கெட் காசை மட்டும் பத்திரமா வச்சிருங்க!