"பென்சன்தான் வருதே, வேலை எதுக்கு?" – பட்டாளத்தை விட்டு வந்த 36 வயதுக்காரர் படும் பாடு!

புதுக்கோட்டை,

டிரங்குப் பெட்டியோடு பஸ்சை விட்டு இறங்குகிறார் மிலிட்டரிக்காரர். முதல் வாரம் வீட்டில் ஒரே தடபுடல். ஆட்டுக்கறி, கோவில் படையல், சொந்தக்காரர் வரவு. மூன்றாவது மாதம் பேச்சு மாறுகிறது.

"என்ன மாமா, மறுபடி எப்ப டூட்டி?" என்று கேட்கிறான் டீக்கடையில் ஒரு பையன்.

"இனிமே டூட்டி இல்லப்பா. வந்துட்டேன்."

"பென்சன்தான் வருதே மாமா. அப்புறம் என்ன, ராஜா மாதிரி உக்காருங்க!"

ஆலங்குடி, அறந்தாங்கி, கறம்பக்குடி, திருமயம் பக்கம் எந்த டீக்கடையிலும் காதில் விழக்கூடிய பேச்சுதான் இது. உட்காருகிற வயதா அது?

18, 19 வயதில் சேருகிற சிப்பாய் 15 முதல் 17 வருடம் கழித்து வெளியே வருகிறார். வயது 33 முதல் 36. கூடப் படித்த குமாஸ்தாவுக்கு இன்னும் 20 வருடத்துக்கு மேல் சர்வீஸ் பாக்கி! மகன் அப்போதுதான் ஆறாம் வகுப்பு. மகள் கல்யாணத்துக்கு நாள் கிடக்கிறது. பென்சன் அரிசி, பருப்புக்கு வரும். மற்றதற்கு?

நாற்காலியும் விசிலும்

முதலில் கிடைப்பது வாட்ச்மேன் வேலை. வங்கி வாசல், ஆஸ்பத்திரி கேட், மின்வாரிய ஆபீஸ்.

இதற்கென்றே தமிழக அரசு 1986-ல் 'டெக்ஸ்கோ' என்ற முன்னாள் படைவீரர் கழகத்தைத் தொடங்கியது. தனியார் ஏஜென்சியில் அல்லாடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இதனால் அடுப்பு எரிகிறது. காவல் வேலையில் கேவலம் எதுவும் இல்லை.

சங்கடம் வேறு. சிக்னல் பிரிவில் வயர்லெஸ் பார்த்தவர், பனிமலையில் லாரி ஓட்டியவர், மெட்ராஸ் சாப்பர்சில் பாலம் போட்டவர், மிலிட்டரி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டவர் எல்லாருக்கும் அதே நாற்காலி, அதே விசில். 15 வருடம் படித்த தொழில் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. "சும்மா உக்காந்திருக்கிறதுதான் தாங்கல" என்று புலம்புகிறவர்கள் கூலி குறைவு என்று புலம்புகிறவர்களுக்குக் குறைவில்லை.

இடம் இருக்கிறது, ஆள் இல்லை!

சட்டப்படி இட ஒதுக்கீடு உண்டு. மத்திய அரசின் 'சி' பிரிவு வேலைகளில் 10 சதவீதம். பொதுத்துறை நிறுவனங்கள், வங்கிகளில் அதே பிரிவுக்கு 14.5 சதவீதம். தமிழக அரசில் 5 சதவீதம்.

ஆனால் அத்தனை இடமும் நிரம்புவதில்லை. காரணம் பரீட்சை. வட்டிக் கணக்கும் இங்கிலீஷ் இலக்கணமும் 22 வயதுப் பையனுக்கு விரல் நுனியில். துப்பாக்கி பிடித்த கைக்கு அது மறந்தே போயிருக்கும்.

பலருக்குத் தெரியாத சலுகை இரண்டு. ஒன்று, மத்திய அரசு வேலைக்கு வயதைக் கணக்கிடும்போது ராணுவத்தில் இருந்த காலத்தையும் அதற்குமேல் 3 வருடத்தையும் கழித்துக்கொள்ளலாம். இன்னொன்று, பத்தாம் வகுப்பு தேறி 15 வருடம் சர்வீஸ் போட்டிருந்தால், பட்டம் கேட்கும் பல 'சி' பிரிவு வேலைகளுக்கு மனுப் போடலாம். டாக்டர், என்ஜினீயர் மாதிரி தொழிற்படிப்பு வேண்டிய வேலைக்கு இது செல்லாது.

தொண்டைமான் காலத்து அமரக்காரர்கள்

போர் முடிந்த வீரனுக்கு என்ன வேலை என்ற கேள்வி இந்தச் சீமைக்குப் புதிதல்ல. தொண்டைமான் மன்னர்கள் காலத்தில் 'அமரக்காரர்கள்' என்று ஒரு படை இருந்தது. சம்பளத்துக்குப் பதில் நிலம். போர் வந்தால் வேலும் வாளும், மற்ற நாளில் ஏர்.

வெள்ளைக்காரர் ஆட்சி நிலைத்த பிறகு சண்டை ஏது? அமரக்காரர்கள் அரண்மனைக் காவலுக்கும் எடுபிடி வேலைக்கும் வந்து சேர்ந்தார்கள். அன்றைக்கும் வாட்ச்மேன்தான்! சேஷையா சாஸ்திரி திவானாக இருந்தபோது 1888-ல் இனாம் நிலங்கள் சீர்செய்யப்பட்டன. படைச் சேவைக்காகத் தந்த நிலம் வரி கட்டும் சொந்த நிலமானது. படைக்காரன் குடியானவன் ஆனான்.

இன்று நிலம் கொடுக்க ஆள் இல்லை. ஆனாலும் நாலு ஏக்கர் வைத்திருக்கிறவருக்கு வழி அடைபடவில்லை. ஆலங்குடி அருகே வம்பனில் பயறு ஆராய்ச்சி மையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. உளுந்து விதையில் இருந்து கோழி வளர்ப்பு வரை அங்கே போய்க் கேட்கலாம்.

வானம் பார்த்த பூமி ஆச்சே என்று இழுக்கிறவர்களுக்கு ஒரு சேதி. மராட்டியத்தில் ராலேகண் சித்தி என்ற காய்ந்த கிராமம். ராணுவத்தில் லாரி ஓட்டிய அண்ணா ஹசாரே 1975-ல் அங்கே திரும்பினார். ஊராரைச் சேர்த்துக்கொண்டு ஓடுகிற மழைத் தண்ணீரைத் தடுத்து நிறுத்தினார். கிணறுகளில் நீர் ஏறியது. 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. அணை கட்டுவது அவர் பட்டாளத்தில் படித்த தொழில் அல்ல. ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை வாங்குவது படித்தது! புதுக்கோட்டையில் தூர்ந்து கிடக்கும் கண்மாய்க்கா பஞ்சம்?

பணம் பத்திரம்

கடை, பட்டறை வைக்க நினைப்பவர்களுக்காக 'முதல்வரின் காக்கும் கரங்கள்' திட்டம் 2024 ஆகஸ்டு 15-ல் அறிவிக்கப்பட்டு மறு ஆண்டு தொடங்கியது. ரூ.1 கோடி வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மானியம் என்பது அறிவிப்பு.

ஆனால் வந்த புதிதில் கைக்கு வரும் மொத்தப் பணத்தை, "மச்சான், ஒரு வருஷத்துல டபுள்!" என்று சொல்லுகிறவரிடம் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களும் உண்டு. எல்லையில் ஏமாறாதவர் திண்ணையில் ஏமாறுகிறார்.

இனி வருவது இளவட்டம்

2022-ல் வந்த அக்னிபாத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நாலே வருடம்தான். நூற்றுக்கு 25 பேர் வரை படையில் தொடரலாம். மற்றவர்கள் சுமார் ரூ.11.71 லட்சத்தோடு வீடு திரும்ப வேண்டும். பென்சன் கிடையாது. வயது இருபதுகளில்தான். "பென்சன்தான் வருதே" என்று டீக்கடையில் இவர்களிடம் சொல்ல முடியாது!

36 வயதுக்காரரோ, 24 வயதுக்காரரோ, வெளியே வருமுன்பே பார்த்து வைக்க வேண்டிய வேலைகள் சில உண்டு. ராணுவ டிரைவர் சிவில் ஹெவி லைசென்சைக் கையோடு எடுத்துவிட வேண்டும். மெக்கானிக், எலக்ட்ரீஷியன், நர்சிங் உதவியாளர் என்று எந்த டிரேடில் இருந்தாரோ அதன் சர்ட்டிபிகேட்டை யூனிட்டிலேயே எழுதி வாங்கிவிட வேண்டும். ஊருக்கு வந்த பிறகு கடிதம் மேல் கடிதம் போட்டு வாங்குவது பெரும்பாடு. பென்சனோடு வெளியே வருகிறவர்களுக்கு மத்திய மறுவாழ்வு இயக்குனரகம் நடத்தும் தொழிற்பயிற்சியும் உண்டு. சர்வீசில் இருக்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது.

முன்னாள் படைவீரர்கள் வேலைக்குப் பதிவு செய்ய வேண்டிய இடம், புதுக்கோட்டையில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். டிஸ்சார்ஜ் புத்தகம், படிப்புச் சான்று, டிரேடு சர்ட்டிபிகேட் மூன்றையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.